மொட்டைக் கத்தியை இன்னும் எத்தனை காலம் வைத்திருப்பது?

யாழ்ப்பாணத்துச் சனம் சாப்பாட்டு விடயத்தில் லேசில் விட்டுக்கொடுக்காது. மிளகாய்த்தூளுக்குத் தேவையானதை வீட்டிலேயே வறுத்து, மில்லில் நின்று அரைப்பித்துக்கொண்டு வருவோம். மீன் சந்தையில் செவுளைத் திறந்து பார்க்காமல் காசு கொடுக்க மாட்டோம். கத்தரிக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்து, காம்பு வாடியிருந்தால் வைத்துவிட்டு வருவோம். இவ்வளவும் பார்க்கிற நாங்கள், அதையெல்லாம் வெட்டப்போகிற கத்தியை மட்டும் ஏன் கவனிப்பதில்லை என்பது எனக்கு நெடுநாளைய ஆதங்கம்.

உறவுக்காரர் வீடுகளில் விசேஷம் என்றால் குசினியில் நான் தானாகப் போய்க் கத்தியை எடுக்கிற ஆள். பெரும்பாலும் அது மொட்டையாகவே இருக்கும். தக்காளிப்பழத்தின் தோலில் வழுக்கும். வெங்காயத்தை நசிக்கும். கோழித் தோலை இழுத்து இழுத்து அறுக்க வேண்டியிருக்கும். அந்தக் கத்தியோடுதான் எங்கள் அம்மாமாரும் மாமிமாரும் காலம் முழுக்கச் சமைத்திருக்கிறார்கள். பின்னேரங்களில் மணிக்கட்டுக்கும் தோளுக்கும் தைலம் பூசுகிறார்கள். அந்த நோவில் ஒரு பங்கு மொட்டைக் கத்தியால் வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கூரில்லாத கத்திக்கு ஊன்றி அமத்த வேண்டும். அமத்தினால் வழுக்கும், வழுக்கினால் விரலில்தான் போய் நிற்கும். கூரான கத்திக்குப் பயந்து மொட்டைக் கத்தியைப் பாதுகாப்பு என்று வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

வெங்காயத்துக்கும் இதில் சம்பந்தம் உண்டு. 2025இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெங்காயம் வெட்டுப்படுவதை அதிவேகக் கமராவில் படம் பிடித்துப் பார்த்தார்கள். மொட்டைக் கத்தி முதலில் வெங்காயத்தை அமுக்கி வளைக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறி, தோல் கிழிகிற கணத்தில் சாறு துளித்துளியாக மேலே பீறிடுகிறது. கூரான கத்தியால் ஆறுதலாக வெட்டினால் தெறிக்கிற துளிகள் வெகுவாகக் குறைகின்றன. பம்பாய் வெங்காயத்தை விட்டுவிட்டு எங்கள் சின்னச் சிவப்பு வெங்காயத்தைக் கிலோக் கணக்கில் உரித்து வெட்டுகிறவர்களுக்கு இது பெரிய செய்தி.

சரி, எந்தக் கத்தியை வாங்குவது?

விலையையும் பெயரையும் பார்க்கமுன் எங்கள் சமையலைப் பார்க்க வேண்டும். கூழ் காய்ச்சுகிற வீடு என்றால் நண்டு உடைக்க வேண்டும், மீன் தலை பிளக்க வேண்டும். முள்ளுக்கும் எலும்புக்கும் நின்று பிடிக்கிற பாரமான கத்தி அதற்கு வேண்டும். அதே வீட்டில் அடுத்த நாள் முளைக்கீரை வறையோ வல்லாரைச் சம்பலோ இருக்கும். வல்லாரையை நூலாக அரிய அந்தப் பாரக் கத்தி உதவாது. அலகு மெல்லிதாக இருக்க வேண்டும். முதுகுத் தடிப்பு 2 மில்லிமீற்றருக்கு மேல் போகாத, கூரை நோக்கி நன்றாக ஒடுங்கி வருகிற கத்தி அதற்குச் சரி. தடித்த கத்தியை எவ்வளவு தீட்டினாலும் பூசணிக்காயில் ஆப்பு இறக்கின மாதிரி இறுகி நிற்கும், காய் பிளந்துதான் போகும். ஆகவே தடித்தது ஒன்று, மெல்லியது ஒன்று, கையில் பிடித்துத் தோல் சீவ ஒரு சின்னக் கத்தி. இதற்கு மேல் ஒரு யாழ்ப்பாணத்துக் குசினிக்கு எதுவும் தேவைப்படாது. பன்னிரண்டு கத்தி செருகிய மரக்கட்டை எல்லாம் பார்க்க அழகுதான். அதில் பத்து ஒருநாளும் வெளியே வராது.

தடித்த கத்திக்கு நான் கடைக்குப் போகவே மாட்டேன். கொல்லரிடம்தான் போவேன். லொறியின் ஸ்பிரிங் தகட்டில் அடித்த கத்திக்கு இந்த வேலையில் நிகர் இல்லை. ஸ்பிரிங் உருக்கில் காபன் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 சதவீதம் இருக்கும். கத்திக்கு வேண்டிய வைரத்தை, அதாவது கடினத்தை, கொடுக்க அது காணும். அதே நேரம் முள்ளில் பட்டால் பொரிந்து விழாமல் தாங்குகிற தன்மையும் அதில் இருக்கிறது. வளைந்து நிமிர்ந்து பாரம் சுமக்கவென்றே செய்த உருக்கு அல்லவா.

வலிகாமம் மேற்குப் பக்கம் ஒரு வயதான ஐயாவின் கம்மாலையில் கத்தி அடிப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அடித்து உருவாக்குவதைவிட அதற்குப் பிறகு வருகிற தோய்ச்சல்தான், சூடாக்கிக் குளிர்த்தி வைரமேற்றுகிற வேலைதான், என்னை அப்படியே நிறுத்தி வைத்தது. உலையில் அலகு சிவந்து வருகிறபோது அவர் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிறத்தைப் பார்த்தார். உருக்கு ஏறத்தாழ 770 பாகை செல்சியசில் காந்தத்தில் ஒட்டுகிற குணத்தை இழந்துவிடும். அதற்குச் சற்று மேலே போனதும் எண்ணெயில் இறக்க வேண்டும். அவரிடம் காந்தமும் இல்லை, வெப்பமானியும் இல்லை, கண் மட்டும்தான். எண்ணெயில் இறக்கியதும் ஒரு சீறல், கொஞ்சம் புகை. அந்த நேரம் அந்தக் கத்தி கீழே விழுந்தால் உடைந்துவிடக்கூடிய அளவு வைரமாக இருக்கும். பிறகு அலகில் ஓரிடத்தைக் கல்லால் உரசி வெள்ளையாக்கிவிட்டு மெல்லிய சூட்டில் பிடித்தார். வெள்ளை உருக்கில் வெளிறிய வைக்கோல் நிறம் மெல்லப் படர்ந்து வந்தது. 220 பாகை அளவில் வருகிற நிறம் அது. வந்ததும் எடுத்துவிட்டார். விட்டிருந்தால் மண்ணிறமாகி, ஊதாவாகி, 300 பாகையை அண்டும்போது நீலமாகியிருக்கும். நீலம் ஏறின கத்தி கூர் நிற்காது.

"பிள்ளை, இது ஸ்பிரிங்கில அடிச்சது. பேரப்பிள்ளை காலத்துக்கும் வரும். ஆனா ஈரத்தோட வைச்சா ஒரு மாரியும் தாங்காது," என்றார். கத்தியை என் கையில் தராமல் பட்டடையில் வைத்து, எடுக்கச் சொன்னார். கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டிலும் உள்ள பழக்கம்தான். பகை வரும் என்பார்கள். பகை வருகிறதோ இல்லையோ, விரல் தப்பும். என் பிள்ளைகளுக்கும் அதையே பழக்கியிருக்கிறேன்.

கொல்லர் கத்தி வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. கத்தியைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்து, கூரின் கோடு நேராகப் போகிறதா, எங்காவது முறுகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பழைய அரம் இருந்தால் கூரோரத்தில் மெதுவாக உரசிப் பாருங்கள். அரம் வழுக்கிக்கொண்டு போனால் தோய்ச்சல் நல்லது. கடித்து இரும்புத் தூள் வந்தால் அது வெறும் இரும்புத் தகடு, இரண்டு நாளில் மழுங்கும். பிடியின் உள்ளே அலகின் வால் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கேளுங்கள். பாதியில் நின்றால் எலும்பு வெட்டும்போது ஒருநாள் பிடி கையோடும் அலகு பலகையோடும் நிற்கும்.

மெல்லிய கத்திக்கும் சின்னக் கத்திக்கும் எவர்சில்வர்தான் என் தெரிவு. காரணம் எங்கள் மரக்கறிகள். வாழைப்பொத்தி, வாழைக்காய், கத்தரிக்காய், மாங்காய் இவற்றைக் காபன் கத்தியால், அதாவது கொல்லர் அடிக்கிற சாதாரண உருக்குக் கத்தியால், வெட்டினால் காயும் கறுக்கும், கத்தியும் கறுக்கும். காயில் உள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து வருகிற கறுப்பு அது. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் வெள்ளைக்கறி வைக்கிறவருக்கு மனம் கேட்காது. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹரி பிறியர்லி துப்பாக்கிக் குழாய்க்கு நல்ல உருக்குத் தேடப் போய்க் குறோமியம் கலந்த கறள் பிடிக்காத உருக்கைச் செய்தார். அது சுடுவதற்குப் போனதைவிடச் சமையலுக்கு வந்ததே அதிகம். குறோமியம் குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால்தான் அந்தக் குணம் வரும்.

ஆனால் எவர்சில்வர் எல்லாம் ஒன்றல்ல. சாப்பாட்டுத் தட்டும் எவர்சில்வர்தான், அதை வைத்துக் கத்தி செய்ய முடியாது. அந்த வகை உருக்கைச் சூடாக்கித் தோய்ச்சல் வைத்து வைரமாக்க வழியில்லை. கண்டுபிடிப்பது சுகம். சின்னக் காந்தத் துண்டு ஒன்றைக் கொண்டு போங்கள். அலகில் ஒட்டாவிட்டால் அந்தக் கத்தியை வைத்துவிட்டு வாருங்கள். ஒட்டினால் மட்டும் நல்லதென்று அர்த்தமும் இல்லை, மலிவுக் கத்திகளும் ஒட்டும். ஆனால் படு மோசமானதை இது கழித்துவிடும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கடைகளில் பளபளவென்று அலை அலையாகக் கோலம் போட்ட கத்திகளைக் கண்டால் இன்னும் கவனம். உண்மையில் பல உருக்குகளை அடுக்கி அடித்தால்தான் அந்தக் கோலம் அலகின் உள்ளேயே இருக்கும். மலிவு விலையில் வருவதில் அது மேலே பொறித்த படம் மட்டுமே. தீட்டுகிற இடத்தில் அழிந்துபோகும்.

வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர் கொண்டுவருகிற கத்திகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சுவிஸிலிருந்து வருகிறவர்கள் பையின் மூலையில் சிவப்போ கறுப்போ பிளாஸ்ரிக் பிடி போட்ட சின்ன விக்ரோறினொக்ஸ் கத்தி நாலைந்து வைத்திருப்பார்கள். பார்க்க விளையாட்டுச் சாமான் என்று நினைத்து அதை லாச்சியில் போட்டுவிட்டு, பெரிய பெட்டிக் கத்திகளை ஷோகேசில் வைப்பவர்களை எனக்குத் தெரியும். அந்தச் சின்னக் கத்திதான் அசல் சாமான். 1884இல் கார்ல் எல்செனர் தொடங்கிய அந்தப் பட்டறை பிறகு தாயார் விக்ரோறியாவின் பெயரை எடுத்துக்கொண்டது. 1921இல் கறள் பிடிக்காத உருக்கு வந்ததும் அதைக் குறிக்கிற 'இனொக்ஸ்' என்ற சொல்லும் பெயரோடு சேர்ந்தது. அந்தக் கத்தி ஏறத்தாழ 0.5 சதவீதம் காபனும் 15 சதவீதம் குறோமியமும் உள்ள உருக்கு, மெல்லிய அலகு, எங்கள் சாதாரணக் கல்லில் சட்டென்று கூர் ஏறும். வெங்காயம், பயித்தங்காய், முருங்கைக்காய்த் தும்பு, கணவாய் துப்புரவாக்குவது எல்லாவற்றுக்கும் அது காணும்.

ஜேர்மனியிலிருந்து வந்தால் அலகில் சோலிங்கன் என்று, கத்திக்குப் பேர்போன அந்த ஊரின் பெயர், பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பெயரைக் கண்டவர் போட அங்கே சட்டம் விடாது. யப்பான் கத்தி ஆசையும் இப்போது பிள்ளைகளிடம் பரவியிருக்கிறது. அதன் கூர் அற்புதம், மறுக்கவே மாட்டேன். ஜேர்மன் கத்திகள் உருக்கின் வைரத்தை அளக்கிற றொக்வெல் அளவில் பொதுவாக 55 முதல் 58 வரை நிற்க, நல்ல யப்பான் கத்திகள் 60ஐத் தாண்டும். அந்த வைரத்துக்கு ஒரு விலை உண்டு. நண்டுக் காலிலோ பாரை முள்ளிலோ வைத்து ஒரு திருப்புத் திருப்பினால் கூரோரம் துண்டாகப் பொரியும். மரக்கறிக்கும் முள்ளில்லாத மீன் துண்டுக்கும் மட்டும் என்று கையைக் கட்டுப்படுத்த முடிந்தவர்கள் வாங்கலாம். பல கை புழங்குகிற எங்கள் குசினிகளுக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

"என்ன கொண்டு வர?" என்று வெளிநாட்டுச் சொந்தக்காரர் கேட்டால் நான் சொல்வது ஒரு நல்ல தீட்டுகல். ஒரு பக்கம் 1000, மறு பக்கம் 3000இலோ 6000இலோ உள்ள தண்ணீர்க் கல். இலக்கம் கூடக் கூடக் கல் மென்மை. எத்தனை கத்தி வந்தாலும் அந்த ஒரு கல் வீட்டில் இருந்தால்தான் அவை கத்தியாக நிற்கும். கிடைக்காவிட்டாலும் பிரச்சினை இல்லை. ஹாட்வெயார் கடையில் ஒரு பக்கம் கரடாகவும் மறு பக்கம் மென்மையாகவும் இருக்கிற சாதாரணச் சாணைக்கல் கிடைக்கும். அதிலேயே நல்ல கூர் எடுக்கலாம். கல்லே இல்லாத வீட்டில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்புப் பூசாத ஒரு வளையம் தெரியும். அவசரத்துக்கு அது போதும்.

தீட்டுவதில் கோணம்தான் பாதி வேலை. மெல்லிய கத்திக்குப் பக்கத்துக்கு 15 பாகை, சாதாரணக் கத்திக்கு 20, எலும்பு வெட்டுகிறதுக்கு 25 என்று வைத்துக்கொள்ளலாம். பாகைமானி தேவையில்லை. அலகின் அகலம் 4 சென்ரிமீற்றர் என்றால், முதுகைக் கல்லிலிருந்து 1 சென்ரிமீற்றர் உயர்த்திப் பிடித்தால் அது ஏறத்தாழ 15 பாகை. இன்னும் கொஞ்சம் உயர்த்தி 1.4 ஆக்கினால் 20 பாகை. இரண்டு சென்ரிமீற்றர் அகலமுள்ள சின்னக் கத்திக்கு இதில் பாதி உயரம். அந்த உயரத்தைக் கை மறக்காமல் பிடித்திருக்க வேண்டும். வேகம் தேவையே இல்லை.

கல்லை நனைத்து, கீழே ஈரத் துணி போட்டு அசையாமல் வையுங்கள். கரட்டுப் பக்கத்தில் குதியிலிருந்து, அதாவது பிடிக்குக் கிட்டவுள்ள முனையிலிருந்து, நுனி வரை சமமாக இழுத்து வாருங்கள். சிறிது நேரத்தில் மறுபக்கத்துக் கூரோரத்தைப் பெருவிரலால் குறுக்கே, முதுகிலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவாகத் தடவிப் பார்த்தால் ஒரு மெல்லிய சொரசொரப்பு விரலில் மாட்டும். அதுதான் பிசிர். தேய்ந்த உருக்கு கூரின் விளிம்பில் மறுபக்கமாகச் சுருண்டு நிற்பது. அது குதியிலிருந்து நுனி வரை வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று பொருள். வரவில்லை என்றால் உங்கள் கல் இன்னும் கூரைத் தொடவில்லை, கூருக்குச் சற்று மேலே உள்ள தோளைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறது. தீட்டியும் கூர் வரவில்லை என்று சொல்கிறவர்கள் அநேகமாக இந்த இடத்துக்கு வரமுன்னமே நிறுத்தியவர்கள். பிசிர் வந்ததும் மறுபக்கம். அங்கேயும் வந்ததும் மென்மையான பக்கத்துக்கு மாறி, கை பாரத்தைக் குறைத்துக்கொண்டே போங்கள். கடைசி இழுவைகளில் கத்தியின் பாரம் மட்டும் கல்லில் இருந்தால் சரி. அப்புறம் பழைய தோல் பெல்ற்றில் கூர் பின்னால் வருகிற மாதிரி சில தரம் இழுத்தால் மிச்சப் பிசிரும் கழன்றுவிடும். தக்காளிப்பழத்தில் வைத்து அமத்தாமல் இழுத்துப் பாருங்கள். தோல் தானாகத் திறந்தால் எழும்பிக் குசினிக்குப் போகலாம்.

மோட்டர் பூட்டின சாணைச் சக்கரத்தில் நல்ல கத்தியைக் கொடுக்காதீர்கள். ஒரு கடையில் அப்படிக் கொடுத்த கத்தி எனக்குத் திரும்பி வந்தபோது கூரோரமெல்லாம் நீலம். தண்ணீர் விடாமல் வேகமாகச் சுழலும் சக்கரத்தில் கூரின் மெல்லிய ஓரம் ஒரு நொடியில் 300 பாகையைத் தாண்டிவிடும். கொல்லர் பார்த்துப் பார்த்து வைத்த தோய்ச்சல் அதோடு போச்சு. நீலம் கண்ட இடம் முழுக்கத் தேய்த்தெடுத்த பிறகுதான் அந்தக் கத்தியில் மீண்டும் கூர் நின்றது. கத்தியைப் பிளவுக்குள் செருகி இழுக்கிற 'வி' வடிவக் கருவியும் அப்படித்தான், உருக்கைப் பிய்த்தெடுக்கும். கத்திப் பெட்டியோடு வருகிற நீட்டு உருக்குக் கோல் வேறு விடயம். அது கூரைப் புதிதாக எடுக்காது. புழங்கிச் சாய்ந்த ஓரத்தை நிமிர்த்தும். ஜேர்மன், சுவிஸ் கத்திகளுக்குச் சமையலுக்கு முன் ஒன்றிரண்டு இழுவை நல்லது. யப்பான் கத்தியை அதில் தீட்டினால் பொரியும்.

எங்கள் ஊரில் கத்திக்கு எதிரி கறள். கடல் எந்தப் பக்கம் திரும்பினாலும் கிட்டத்தான். காற்றில் உப்பு. கரையோரக் கிணறுகளில் உவர். எவர்சில்வர் என்று நம்பி மீன் வெட்டின கத்தியை உப்புத் தண்ணீரோடு இரவு முழுக்கத் தொட்டியில் விட்டால் காலையில் ஊசி குத்தின மாதிரிப் புள்ளிகள் தெரியும். உப்பிலுள்ள குளோரைட்டு, குறோமியம் கட்டின காப்புப் படையை ஆங்காங்கே துளைத்துவிடும். வெட்டி முடிந்த கையோடு கழுவி, துணியால் துடைத்து, காயவைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை இல்லை. தேசிக்காய், பழப்புளி பட்டால் இன்னும் கெதியாகக் கழுவ வேண்டும்.

காபன் கத்தியில் நாளாக ஆக ஒரு நீலச் சாம்பல் நிறம் ஏறும். அதைக் கண்டு பயந்து தேய்த்து வெள்ளையாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தப் படை செந்நிறக் கறளை மெதுவாக்குகிற காவல். செந்நிறம் கண்டால் மட்டும் சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டு அந்த இடத்தை உரசுங்கள். மாரி காலத்தில் புழங்காமல் வைப்பதென்றால் தேங்காயெண்ணெய் மெல்லியதாகப் பூசுங்கள். நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகக் காயும், தேங்காயெண்ணெய் அப்படிக் காயாது. பிலாக்காய் வெட்டமுன் அலகில் எண்ணெய் தடவுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

வெட்டுகிற பலகையும் கூரைத் தின்னும். கண்ணாடிப் பலகை, மாபிள், தரை ஓடு எதிலும் வைத்து வெட்டாதீர்கள். ஒரு நேரச் சமையலிலேயே கூர் போய்விடும். வேம்பு, பூவரசு, பிலா நல்லவை. மரப்பலகையில் கிருமி இருக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளிவர் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தபோது, மரத்தில் விட்ட கிருமிகள் உள்ளே உறிஞ்சப்பட்டு அழிவதையும், கத்தி கீறின பழைய பிளாஸ்ரிக் பலகையைத் துப்புரவாக்குவதுதான் கடினம் என்பதையும் கண்டார். மீனுக்கு ஒன்று, மரக்கறிக்கு ஒன்று என்று வைத்து, கழுவி வெயிலில் நிமிர்த்தி விட்டால் போதும். வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை.

பிள்ளைகளுக்குக் கத்தி பழக்கும்போது மொட்டைக் கத்தியைக் கொடுத்துப் பழக்காதீர்கள். சின்ன, கூரான கத்தியைக் கொடுத்துப் பக்கத்தில் நில்லுங்கள். காயைப் பிடிக்கிற கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கி, கத்தி விரல் மொளியில் உரசிக்கொண்டு இறங்குகிற மாதிரி முதலில் வெறுங்கையோடு காட்டுங்கள். முதல் காய் வெள்ளரிக்காயாக இருக்கட்டும். கரட் பிறகு. அதையும் நீங்களே நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, தட்டைப் பக்கம் பலகையில் படும்படி கொடுங்கள். அப்போதுதான் உருளாது.